மூலவர் இல்லாத கோயில்

திருச்சியிலிருந்து நாமக்கல் போகும் சாலை, நம்பர் ஒன் டோல்கேட்டைத் தாண்டியதும் ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் கொள்ளிடம், முக்கொம்புக்கு மேற்கே அகண்ட காவிரி. இடப்பக்கம் வாழையும் கோரையும் மாறி மாறி வரும். குணசீலம், முசிறி எல்லாம் கழிந்து தொட்டியம் போகிற வழியில் சீனிவாசநல்லூர் என்று ஒரு சிற்றூர். திருச்சியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெயரைச் சொன்னால் திருச்சிக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஆனால் இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி எழுதிய பெர்சி பிரவுனும், தொடக்கச் சோழர் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதிய எஸ்.ஆர். பாலசுப்ரமணியமும் இந்த ஊரை விட்டுவிட்டு எழுதவில்லை. காரணம், ஆற்றுக்கும் சாலைக்கும் நடுவே நிற்கிற குரங்கநாதர் கோயில்.

கோயில் சிறியது. விமானம் சுமார் 50 அடி உயரம். பராந்தக சோழன் காலத்தை ஒட்டியது என்பதால் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது. அடித்தளத்தைச் சுற்றி யாளி வரிசை ஓடுகிறது. சுவரில் அரைத்தூண்களுக்கு நடுவே ஆணும் பெண்ணுமாக உருவங்கள் நிற்கின்றன. யாரோ பேசுவதை நின்று கேட்கிறவர்களின் முகம் அவர்களுக்கு. தெற்குக் கோட்டத்தில் தட்சிணாமூர்த்தி. காலமும் மனிதர்களும் செய்த சிதைவுகளை மீறி அந்த முகத்தில் ஓர் இளைப்பாறுதல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தே வாழ்க்கையைக் கழித்தவள் நான். பாடம் முடிந்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சில மாலை நேரங்கள் உண்டு. அந்த அமைதியை ஒரு கல்லில் பார்க்க முடியும் என்று அங்கே போகும்வரை நான் நினைத்ததில்லை.

இத்தனை அழகான கோயிலின் கருவறையில் மூலவர் கிடையாது. பூசை கிடையாது, மணி கிடையாது, விளக்கு கிடையாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற நினைவுச்சின்னம் அது. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இருட்டும் கல்தரையும்தான். ஊரில் கதை ஒன்று சொல்கிறார்கள். கோயில் கட்டி முடிக்கும் நேரத்தில் குரங்கு ஒன்று உள்ளே புகுந்து இடத்தைத் தீட்டுப்படுத்திவிட்டதாம். அதனால் குடமுழுக்கே நடக்கவில்லையாம்.

நான் போன அன்று மோட்டார் சைக்கிளில் ஓர் இளம் தம்பதி வந்து இறங்கினார்கள். அந்தப் பையன் காவல் பார்க்கிற பெரியவரிடம், "உள்ள சாமி இல்லையாமே, செருப்போட போலாமாங்க?" என்று கேட்டான். குதர்க்கமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். பெரியவர் சொன்னார்: "சாமி இல்லாட்டியும் கோயில் கோயில்தானே தம்பி. கழட்டிட்டுப் போங்க." இருவரும் கழற்றிவிட்டுப் போனார்கள். சுற்றி வந்து கருவறை வாசலில் நின்றபோது அந்தப் பெண் கையைக் கூப்பலாமா வேண்டாமா என்று தயங்குவதைப் பார்த்தேன். பாதி உயர்ந்த கை அப்படியே நின்றது.

நான் கூப்பினேன். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது என் அத்தை கேட்டார்: "அங்கே ஸ்வாமியே ஏளியிருக்கலையாமே? அப்புறம் என்னத்தைச் சேவிச்சுட்டு வந்தே?"

எங்கள் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து, சித்திரை வீதியிலேயே வாழ்ந்து முதிர்ந்தவர் அத்தை. அவருக்குப் பெருமாள் ஒரு கருத்து அல்ல; ஓர் ஆள். காலையில் பசுவும் யானையும் வந்து நிற்க, வீணை ஒலிக்க, விஸ்வரூபத்தில் கண் விழிக்கிறவர். பொழுதுக்குப் பொழுது தளிகை அமுது செய்கிறவர். இரவு பால் குடித்துவிட்டுப் படுக்கிறவர். ஒருவர் வீட்டில் இல்லாதபோது அவர் வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன் என்றால் அது எப்படி வணக்கமாகும் என்பதுதான் அத்தையின் கேள்வி. சிவன் கோயிலா பெருமாள் கோயிலா என்ற பேதம் அதில் இல்லை. அந்தக் கேள்வியை நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்கு என் பதிலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தையின் பக்கம் சாத்திரம் பலமாக நிற்கிறது. ஆகமங்கள் எவையானாலும், கல்லைச் செதுக்கி முடித்ததும் அது தெய்வம் ஆகிவிடுவதாகச் சொல்வதில்லை. யாகசாலையில் கும்பத்து நீரில் இறைவனை வரவழைத்து, அங்கிருந்து திருமேனிக்கு ஏற்ற வேண்டும். திருப்பணி நடக்கும்போது மறுபடி கும்பத்துக்கு இறக்கி, பாலாலயத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். பூசை ஒருநாள் தவறினால் ஒரு பிராயச்சித்தம், பல நாள் தவறினால் இன்னொன்று, நெடுங்காலம் நின்றுபோனால் முதலிலிருந்து பிரதிஷ்டை. இவ்வளவு விதிகள் ஏன்? வந்திருக்கிற தெய்வம் நம் கவனிப்பில் இருக்கிறது, கவனிப்பு போனால் இருப்புக்கும் ஊறு வரும் என்ற நம்பிக்கைதான் அத்தனை விதிகளுக்கும் அடிப்படை. அந்த முறையில் பார்த்தால் சீனிவாசநல்லூரில் இருப்பது நல்ல வேலைப்பாடுள்ள ஒரு கட்டடம் மட்டுமே.

எதிர்ப்பக்கத்து வாதமும் நாம் அறிந்ததுதான். எங்கும் நிறைந்தவனுக்குக் கோயில் எதற்கு, மூலவர் எதற்கு? நெஞ்சே கோயில். இப்படிப் பேசுகிறவர்கள் பெரியபுராணத்துப் பூசலாரைத் துணைக்கு அழைப்பார்கள். திருநின்றவூரில் கையில் பணமில்லாத அந்த அடியார், மனத்திலேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில், இறைவன் பூசலாரின் மனக்கோயிலுக்குப் போனார் என்பது கதை. ஆனால் அந்தக் கதையை நிதானமாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். நெஞ்சுதானே கோயில் என்று சொல்லிவிட்டுப் பூசலார் சும்மா இருக்கவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் திரட்டினார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்து அடித்தளம் போட்டார், இரவும் தூங்காமல் அடுக்கடுக்காக எழுப்பினார், கிணறு தோண்டினார், மதில் கட்டினார். கல்தான் இல்லை, உழைப்பு முழுக்க இருந்தது. ஆகவே "எங்கும் இருக்கிறான்" என்ற சொல், எதையும் செய்யாமல் இருப்பதற்கு நமக்குக் கிடைத்த அனுமதி அல்ல.

இந்த இரண்டு வாதங்களுக்கும் நடுவில் எனக்கு வழி காட்டியவர் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்: வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர். வைணவ மரபு இறைவனின் நிலைகளை ஐந்தாகச் சொல்லும். பரமபதத்தில் இருக்கும் பரம், பாற்கடலில் இருக்கும் வியூகம், இராமன் கண்ணன் என்று பிறந்து வந்த விபவம், உயிருக்குள் உயிராக மறைந்திருக்கும் அந்தர்யாமி, கோயிலில் நிற்கும் அர்ச்சை. ஸ்ரீவசன பூஷணம் என்ற தம் நூலில் லோகாசாரியர் இந்த ஐந்தையும் தாகத்தோடு நிற்கிற ஒருவனுக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீராக வைத்துப் பேசுகிறார். அந்தர்யாமி பூமிக்கடியில் இருக்கும் நீர். விபவம் பெருக்கெடுத்து ஓடிப்போன ஆறு. அர்ச்சை, அந்த ஆறு போன பிறகும் பின்னால் வருகிறவர்களுக்காகத் தேங்கி நிற்கிற மடு.

காவிரிக்கரையில் வாழாத ஒருவருக்கு இந்த உவமை தோன்றியிருக்காது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, அம்மா மண்டபப் படித்துறையைத் தண்ணீர் தொடுவதற்கு முந்தைய கோடையை நினைத்துப் பாருங்கள். கரைக்குக் கரை மணல். நடுநடுவே குட்டையாகத் தேங்கிய நீர். அதையும் வெயில் குடித்துவிட்டால்? என் சிறுவயதில் பெண்கள் குடத்தோடு மணலில் இறங்கிக் கையாலேயே ஊற்றுப் பறிப்பார்கள். முதலில் ஈர மணல், பிறகு கலங்கல், கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடியாகத் தெளிந்த நீர். எங்கே பறித்தாலும் வந்துவிடாது. போன வருடம் மடு இருந்த இடம் எது என்று தெரிந்த பெரியவள் ஒருத்தி கை காட்டுவாள்.

மூலவர் இல்லாத கருவறையைப் பற்றி எனக்குக் கிடைத்த தெளிவு இங்கிருந்து வந்ததுதான். மடு வற்றியிருக்கிறது; அத்தை சொல்வது சரி. அடியில் நீர் இருக்கிறது. நெஞ்சே கோயில் என்கிறவர்கள் சொல்வதும் சரி. இரண்டு பேரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. எங்கே தோண்டலாம் என்பதை அந்த வற்றிய இடம் காட்டுகிறது. அங்கே முன்பு ஒரு கூட்டம் தாகம் தீர்த்திருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி.

சீனிவாசநல்லூரில் அந்தச் சாட்சி சுவரிலேயே இருக்கிறது. குரங்குக் கதை என்ன சொன்னாலும், கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் வேறு சொல்கின்றன. ஊரின் பெயர் மகேந்திரமங்கலம். இறைவனின் பெயர் திருக்குரக்குத்துறைப் பெருமானடிகள். படித்துறையின் பெயரால் அழைக்கப்பட்ட சிவன். பெயர் சொல்லி அழைத்தவர்கள் இருந்தார்கள். அவருக்குக் கொடை கொடுத்தவர்கள் இருந்தார்கள். ஆக, அங்கே ஒரு காலத்தில் வழிபாடு நடந்திருக்கிறது.

சோழர் காலக் கோயிலில் ஒரு விளக்கு எரிவதற்குப் பின்னால் எத்தனை கை வேலை செய்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள், சில இடங்களில் 90. அவற்றை இடையர் ஒருவர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். கிழடானதும் செத்ததும் போக, குட்டிகளால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும். "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டு அதைக் குறிக்கும். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள், அவர்களுக்குப் பின் அவர்கள் பிள்ளைகள். சந்திரன் சூரியன் உள்ளவரை என்று வாக்குக் கொடுத்தார்கள். கருவறைக்குள் தெய்வம் இருந்தது என்று நாம் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்: கொடுத்தவர், மேய்த்தவர், கறந்தவர், கடைந்தவர், அளந்தவர், ஏற்றியவர். அந்தச் சங்கிலி அறுந்த இடத்தில்தான் இருட்டு தொடங்குகிறது.

மூலவர் இல்லாத கோயில் வேறு யாருடைய துயரமோ என்று ஸ்ரீரங்கத்துக்காரர்கள் நினைப்பதற்கில்லை. நாங்களும் அதை அனுபவித்திருக்கிறோம். 1323இல் டெல்லிப் படை வந்தபோது மூலவரின் முன்னே கல்சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான அழகிய மணவாளனைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கே புறப்பட்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் வயது முதிர்ந்த பிள்ளை லோகாசாரியர். மடுவைப் பற்றி எழுதிய அதே கை, மடுவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது. மதுரைக்குப் பக்கத்தில் ஜோதிஷ்குடியில் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளினார். பெருமாள் ஊர் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. அழகர்கோயில், கோழிக்கோடு, திருநாராயணபுரம், திருமலை, செஞ்சிப் பக்கத்துச் சிங்கவரம் என்று அலைந்து, விஜயநகரத்து அதிகாரி கோபணாரியர் கொண்டுவந்து சேர்த்தபோது ஆண்டு 1371. சக ஆண்டு 1293 என்று குறிக்கும் கல்வெட்டு இன்னும் கோயில் சுவரில் இருக்கிறது.

அந்த 48 ஆண்டுகள் எங்கள் ஊரில் பெருமாள் ஏளியிருக்கவில்லை. அப்போது யாரும் கை கூப்பவில்லையா? வேதாந்த தேசிகன் கூப்பினார். இன்றைய கர்நாடகத்தில், அதே காவிரியின் கரையில் இருக்கும் சத்தியாகாலத்தில் தங்கியிருந்தபோது, அரங்கத்தில் அச்சம் நீங்க வேண்டும் என்று அரங்கனை வேண்டி அபீதி ஸ்தவம் பாடினார் என்பது மரபு. உற்சவர் ஊரில் இல்லை என்பது தெரிந்தே பாடினார். வெறுமையான கோயிலை நோக்கிக் கூப்பிய கை தப்பென்றால் அந்தப் பாட்டும் தப்பாகிவிடும். எந்த வைணவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார்.

திரும்பி வந்த கதையில் இன்னொன்று இருக்கிறது. அதைப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். பெருமாள் இல்லாத காலத்தில் வேறோர் உற்சவத் திருமேனியைச் செய்து வைத்திருந்தார்கள். பழையவர் திரும்பியபோது யார் உண்மையான அழகிய மணவாளன் என்று கேள்வி வந்தது. பழையவரைப் பார்த்தவர்கள் ஊரில் அநேகமாக இல்லை. எஞ்சியிருந்தவர் ஒரு வயதான சலவைத் தொழிலாளி, கண்பார்வையும் போய்விட்டிருந்தது. மரபு அவரை ஈரங்கொல்லி என்று சொல்லும். பெருமாளின் திருமஞ்சன ஈர ஆடையைப் பிழிந்த நீரைத் தீர்த்தமாகக் குடித்து வாழ்ந்தவர். "இரண்டு பேருக்கும் திருமஞ்சனம் பண்ணுங்கள், ஆடையைப் பிழிந்து கொடுங்கள்" என்றார். முதல் தீர்த்தத்தை வாங்கிக் குடித்தார். இரண்டாவதைக் குடித்ததும், "இவரே நம்பெருமாள்" என்றார். அன்றிலிருந்து உற்சவருக்கு அதுவே பெயர். மற்றவரையும் யாரும் வெளியே அனுப்பவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு அவரும் உள்ளேயே இருக்கிறார்.

ஆசாரியர்கள் அடையாளம் சொல்லவில்லை, படையோடு வந்த அதிகாரி சொல்லவில்லை. துணி வெளுத்தவர் சொன்னார். கண் இல்லாதவர் சொன்னார். அரை நூற்றாண்டு தெய்வம் ஊரில் இல்லாதபோது அந்தத் தெய்வத்தின் நினைவு எங்கே பத்திரமாக இருந்தது? செப்பேட்டில் இல்லை. தொண்டு செய்தவரின் நாக்கில் இருந்தது. அவர் ஒருவர் அந்தச் சுவையை மறந்திருந்தால் திரும்பி வந்தவரை அறிந்துகொள்ள ஆளில்லாமல் போயிருக்கும். வெறுமையாகக் கிடக்கும் இடத்தின் நினைவைக் காத்து வைப்பதும் வழிபாடுதான் என்பதற்கு இதைவிட எனக்கு ஆதாரம் வேண்டாம்.

இது பக்தர்கள் மட்டும் பேசுகிற பேச்சு என்று யாருக்காவது தோன்றினால், லண்டன் நீதிமன்றத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பத்தூரில் பூசையற்று இடிந்து கிடந்த சோழர் காலச் சிவன் கோயில் ஒன்றின் பக்கத்தில், 1976இல் மண்ணுக்கடியிலிருந்து நடராசர் செப்புத் திருமேனி கிடைத்தது. அது கைமாறிக் கைமாறி லண்டன் போய், கனடா நாட்டு நிறுவனம் ஒன்று விலை கொடுத்து வாங்கிவிட்டது. நடராசரைக் கேட்டுத் தொடரப்பட்ட வழக்கில் தமிழ்நாடு அரசோடு அந்த இடிந்த கோயிலும் ஒரு தரப்பாக நின்றது. பூசை இல்லாத, கூரை விழுந்த ஒரு கோயிலுக்கு உரிமை கேட்க வாய் உண்டா? உண்டு என்றார் நீதிபதி. அந்தக் கோயிலைக் கட்டி நிலம் எழுதி வைத்தவரின் பக்திச் சங்கல்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது, அந்தச் சங்கல்பத்தின் வடிவமே கோயில் என்ற கருத்தைத் தீர்ப்பு ஏற்றது. 1991இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்து, அதே ஆண்டு நடராசர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். கொடுத்தவரின் எண்ணம் அவரோடு சாவதில்லை. ஏற்றுக்கொண்டவர்கள் மறந்தாலும் சாவதில்லை. சட்டத்தின் மொழியில் சொன்னாலும் ஆகமத்தின் மொழியில் சொன்னாலும் விஷயம் ஒன்றுதான்.

உலகத்தில் வேறு ஆற்றங்கரைகளிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, நம்முடையதைவிடக் கொடுமையாக. போலந்தில் விஸ்துலா ஆற்றின் கரையில் கஜிமியெஷ் டோல்னி என்று பழைமையான ஒரு சிற்றூர். போருக்கு முன் ஊர்மக்களில் கணிசமானோர் யூதர்கள். அவர்களுக்கென்று கல்லால் கட்டிய தொழுகைக்கூடம் இருந்தது. 1942இல் நாஜிகள் அவர்களைப் பெல்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தரையில் பாவினார்கள். போருக்குப் பிறகு தொழுகைக்கூடத்தை மீண்டும் கட்டியபோது அதில் தொழ ஆளில்லை. அது சினிமா கொட்டகையாக ஓடியது. இப்போது அது யூத சமூகத்திடமே திரும்பி, அந்த மக்களின் நினைவைச் சொல்லும் இடமாக இருக்கிறது. 1984இல், உடைந்த கல்லறைக் கற்களையெல்லாம் பொறுக்கி எடுத்து, ஊருக்கு வெளியே ஒரு சுவராகக் கட்டினார்கள். சுவரின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவை வேண்டுமென்றே விட்டார்கள்.

சீனிவாசநல்லூரில் மக்கள் இருக்கிறார்கள், மூலவர் இல்லை. கஜிமியெஷ் டோல்னியில் தொழுகிற மக்களே இல்லாமல் போனார்கள். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அங்கே நடந்தது இனக்கொலை. ஆனாலும் அந்தப் பிளவை அடைக்காமல் விட்டவர்களிடமிருந்து நான் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எல்லா வெறுமையையும் உடனே நிரப்பிவிட வேண்டும் என்பதில்லை. சில இடங்களில் வெறுமையை வெறுமையாகவே காப்பாற்றுவதும் மரியாதை. சீனிவாசநல்லூரில் புதுசாக ஒரு லிங்கத்தை வைத்து, டைல்ஸ் ஒட்டி, வண்ணம் அடித்து, ஒலிபெருக்கி கட்டிவிட வேண்டும் என்று சொல்கிற நல்ல மனசுக்காரர்கள் உண்டு. முறைப்படி வழிபாடு திரும்பும் காலம் வந்தால் வரட்டும். அதைத் தடுக்க நான் யார்? ஆனால் அந்தச் சுவரையும் சிற்பத்தையும் எழுத்தையும் அழித்துவிட்டு வருகிற வழிபாடு, திருக்குரக்குத்துறைப் பெருமானடிகளுக்குச் செய்கிற வழிபாடாக இருக்காது.

ஆகவே அத்தைக்கு என் பதில் இது. மூலவர் இல்லாத கருவறைக்குக் கை கூப்பலாம், கூப்ப வேண்டும். அங்கே நாம் மூன்றை வணங்குகிறோம். எந்தக் கல்லும் பெயர்ந்தாலும் பெயராத உள்ளிருப்பவனை முதலில். அவனை அந்த இடத்தில் அழைத்து, பெயர் வைத்து, நெய் அளந்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெயர் தெரியாத மனிதர்களை அடுத்து. அவர்களுடைய பொறுப்பு அறுந்து கிடக்கிறது, அது இப்போது நம்முடையது என்ற நினைவை மூன்றாவதாக. முதலாவதை வீட்டிலிருந்தே செய்யலாம். மற்ற இரண்டையும் அந்த வாசலில் போய் நின்றால்தான் செய்ய முடியும். அத்தை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "ஈரங்கொல்லி கதையைச் சொல்லி என்னை மடக்கப் பார்க்கறே" என்றார். ஆனால் அடுத்த முறை போகும்போது தன்னையும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார்.

சீனிவாசநல்லூர்வரை போக இயலாதவர்களுக்குத் திருச்சி நகரத்திலேயே ஓர் இடம் உண்டு. உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க மலைக்கோட்டைப் படியேறுகிறவர்கள், மேலே போய்ச் சேர்வதற்கு முன்னால் ஒரு குடைவரையைத் தாண்டுகிறார்கள். முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த சிவன் கோயில் அது. அங்கேயும் கருவறை வெறுமைதான். எதிர்ச்சுவரில் கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர். தூண் கல்வெட்டில் ஓர் அழகான கற்பனை: சிவனுக்கு ஆறுகள் மேல் ஆசை என்பதால், காவிரியைக் கண்டு மயங்கிவிடுவாரோ என்று அஞ்சி உமையே இந்த மலையில் வந்து குடியேறினாளாம்.  மூச்சு வாங்கியபடி பிள்ளையாரை நோக்கிப் போகிற கூட்டத்தில் அநேகமாக யாரும் அங்கே நிற்பதில்லை.

படிக்கிற உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த முறை மலைக்கோட்டை ஏறும்போது அந்தக் குடைவரைக்குள் இரண்டு நிமிடம் நில்லுங்கள். நாமக்கல் சாலையில் போனால் சீனிவாசநல்லூரில் வண்டியை நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றுங்கள். சுவரில் பெயர் கிறுக்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் கோபப்படாமல் கூப்பிட்டு, அந்தக் கல்லில் ஏற்கெனவே எழுதியிருப்பது என்ன என்று சொல்லிக்கொடுங்கள். சாமி இல்லாத கோயிலில் எதைக் கும்பிடுவது என்று கூட வருகிறவர் கேட்டால், இந்த இடத்தை ஒருகாலத்தில் காப்பாற்றியவர்களின் பிள்ளைகள் நாம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கை கூப்புங்கள்.